ரத்தக்குழாயின் உள்சுவரும் அஞ்சறைப்பெட்டியும்

போன மாதம் பெரியம்மா போனில் கேட்டார்: "ஏம்ப்பா, சுகர் இருக்கிறவங்களுக்கு ரத்தக்குழாய் உள்ளுக்குள்ள வீங்கிக் கிடக்குமாமே? மஞ்சளும் மிளகும் கலந்து குடிச்சா வத்திடுமாமே? உனக்கும் அனுப்பியிருக்கேன், பாரு."

பார்த்தேன். வாட்ஸ்அப்பில் வந்த அந்தச் செய்தியில் பாதி உண்மை இருந்தது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஒரே வரியில் பதில் சொல்லி முடித்திருப்பேன். பாதி உண்மைக்குத்தான் பதில் நீளும்.

நான் மருத்துவர் இல்லை. உயிர்வேதியியல் படித்துவிட்டுக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். அதனால் மருந்துச்சீட்டு எதுவும் இங்கே கிடைக்காது. குழாய்க்குள் என்ன நடக்கிறது, செடிகளில் உள்ள பொருள்கள் அங்கே போய் என்ன செய்ய முடியும், எங்கே அவை தோற்றுப்போகின்றன என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில் 'வீக்கம்' என்ற சொல்லை ஓரமாக வைத்துவிடலாம். பெரியம்மா நினைப்பதுபோல், சுளுக்கிய கணுக்கால் மாதிரி குழாய் உப்பிக்கொண்டு நிற்பதில்லை. இதற்கு மருத்துவத் தமிழில் அழற்சி என்று பெயர். அழல் என்றால் தீ. கையில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வலித்து, வீங்குகிறதல்லவா, அதுதான் அழற்சி. உடம்பு தன் காவல்படையை அங்கே அனுப்பியிருக்கிறது என்று பொருள். முள்ளை எடுத்துவிட்டால் நாலைந்து நாளில் படை திரும்பிவிடும். சர்க்கரை நோயில் ரத்தக்குழாயின் உள்சுவரிலும் இதே படைதான் இறங்குகிறது. ஆனால் முள் கிடையாது. சிவப்பும் வலியும் கிடையாது. நீறுபூத்த நெருப்பாக வருடக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

சுகர் என்றால் நமக்கு எண்தான் நினைவுக்கு வருகிறது. சாப்பாட்டுக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு. ஆனால் அந்த நோய் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் குழாய் வழியாகத்தான். கண்ணின் விழித்திரை கெடுவதும், சிறுநீரகம் வடிகட்டும் வேலையை விடுவதும், கால் புண் ஆறாமல் போவதும், மாரடைப்பும் ஏதோ ஒரு வகையில் குழாயின் கதைகளே. மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அத்தனை பேருடைய குழாய்களையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு செல் கனத்தில் ஒரு விரிப்பு

ரத்தக்குழாயை நாம் பிளாஸ்டிக் பைப் மாதிரி கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் அதன் உள்பக்கம் முழுக்க, ஒரே ஒரு செல் கனத்தில், உயிருள்ள ஒரு விரிப்பு போட்டிருக்கிறது. அதன் பெயர் எண்டோதீலியம். நெடுங்காலம் அதை வெறும் உள்பூச்சு என்றே நினைத்திருந்தார்கள்.

அந்த நினைப்பை மாற்றியவர் நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் ஃபர்ச்காட். முயலின் பெருந்தமனியைத் துண்டு துண்டாக வெட்டி, அதன்மேல் அசிட்டைல்கோலின் என்ற பொருளை ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சில துண்டுகள் தளர்ந்தன, சில தளரவே இல்லை. பொருளும் ஒன்று, முயலும் ஒன்று. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? வெட்டும்போது உள்பக்கம் உரசுப்பட்ட துண்டுகள்தான் தளர மறுத்தன என்று தெரிந்தது. உள்விரிப்பு போய்விட்டால் தளரும் கட்டளையும் போய்விடுகிறது. 1980-இல் இதை வெளியிட்டார். அந்தக் கட்டளையைச் சுமந்து போகும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற சின்னஞ்சிறு வாயு என்று பிறகு தெரிந்தது. 1998-இல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆரோக்கியமான உள்விரிப்பு இந்த வாயுவை ஓயாமல் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் குழாய் தளர்ந்து நெகிழ்வாக இருக்கிறது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகின்றன. வெள்ளை அணுக்களும் வேறு வேலையில்லாமல் அங்கே நின்று எட்டிப் பார்ப்பதில்லை.

சர்க்கரை அங்கே செய்யும் வேலை

தசைச் செல்லுக்குள் குளுக்கோஸ் போக வேண்டுமானால் இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். எண்டோதீலியச் செல்லுக்கு அந்தக் கதவே கிடையாது. ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஏறுகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவும் உள்ளே வந்துவிடும். விழித்திரைக் குழாய், சிறுநீரக வடிகட்டி, நரம்பு ஆகியவற்றின் செல்களும் இதே ரகம். சர்க்கரை நோய் ஏன் குறிப்பாக இந்த இடங்களைத் தேடிப் போய்க் கெடுக்கிறது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உள்ளே குவியும் குளுக்கோஸை எரிக்கும்போது செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியா திணறுகிறது. திணறலில் சூப்பர் ஆக்சைடு என்ற முரட்டு மூலக்கூறு கூடுதலாக வெளியே வருகிறது. இதை மையமாக வைத்துச் சர்க்கரை நோயின் பல கேடுகளை ஒரே நூலில் கோத்துக் காட்டியவர் அமெரிக்காவின் மைக்கேல் பிரவுன்லீ. 2001-இல் அவர் எழுதிய கட்டுரையை இன்றும் பாடமாக நடத்துகிறோம். இந்த சூப்பர் ஆக்சைடு முதலில் பிடித்துத் தின்பது எதை என்று நினைக்கிறீர்கள்? நைட்ரிக் ஆக்சைடைத்தான். குழாயைத் தளர்த்த வேண்டிய வாயு பாதி வழியிலேயே காலி.

இன்னொரு வேலையும் நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அடுப்படிக்குப் போனால் போதும். தோசை கல்லில் முறுகலாகி, பொன்னிறமாகி, வாசனை வருகிறதே, அது மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒட்டிக்கொள்வதால் வருவது. 1912-இல் லூயி மெய்யார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த வினை இது. நம் உடம்பு 37 டிகிரிதான், தோசைக்கல் அளவுக்குச் சூடில்லை. ஆனால் அங்கே நேரம் தாராளமாக இருக்கிறது. சர்க்கரை கூடக் கூட, புரதங்கள் மெல்ல மெல்ல முறுகுகின்றன. ஹெச்பிஏ1சி என்று ஒரு டெஸ்ட் எழுதித் தருகிறார்களே, அது அளப்பது இதைத்தான். சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பது அந்த எண். சிவப்பணுவுக்குச் சுமார் 120 நாள் ஆயுள் என்பதால் கடந்த இரண்டு மூன்று மாதக் கதையை அது சொல்லிவிடும். டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது.

சிவப்பணு நாலு மாதத்தில் செத்துப் புதிதாக வந்துவிடும். குழாய்ச் சுவரில் உள்ள கொலாஜன் அப்படியில்லை, பல வருடம் இருக்கும். அதில் ஏறிய முறுகல் கழுவினாலும் போகாத கறை மாதிரி. இந்த முறுகிய புரதங்களைத் தொட்டு உணர்வதற்கென்றே எண்டோதீலியச் செல்லின் மேல் ஒரு ஏற்பி இருக்கிறது. அது தொட்டதும் உள்ளே மணி அடிக்கிறது.

மணியின் பெயர் என்எஃப்-கப்பா-பி. 1986-இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டறிந்த புரதம். சாதாரண நேரத்தில் கட்டிப்போட்ட நாய் மாதிரி செல்லின் ஒரு மூலையில் கிடக்கும். கட்டு அவிழ்ந்தால் செல்லின் கருவுக்குள் ஓடி, அழற்சிக்கான மரபணுக்களை வரிசையாக எழுப்பிவிடும். உடனே, வழவழவென்று இருந்த உள்சுவரில் பசைபோன்ற மூலக்கூறுகள் முளைக்கின்றன. உருண்டுகொண்டு போன வெள்ளை அணு அதில் ஒட்டுகிறது, சுவருக்கடியில் நுழைகிறது, அங்கே தேங்கியிருக்கும் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பை விழுங்கி ஊதிப் போகிறது. அப்படி ஊதியவை குவிந்து கிடக்கும் மேட்டைத்தான் அடைப்பு என்கிறோம். சின்னக் குழாய்களில் கதை கொஞ்சம் வேறு. அங்கே சுவர் தடித்துக் கசிய ஆரம்பிக்கும்.

இதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? ஹெச்எஸ்-சிஆர்பி என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது, 3-க்கு மேலே போனால் இதய ஆபத்து கூடுதல் என்பது பொதுவான கணக்கு. ஆனால் சளி பிடித்திருந்தாலும் பல் ஈறு வீங்கியிருந்தாலும் அது ஏறிவிடும். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

அழற்சிதான் குற்றவாளியா, இல்லை, குற்றம் நடந்த இடத்தில் நின்ற அப்பாவியா என்று நெடுநாள் சண்டை நடந்தது. 2017-இல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்திருந்த, சிஆர்பியும் கூடுதலாக இருந்த 10,061 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். அழற்சியின் ஒரு தூதுவனை மட்டும் அடக்கும் கானகினுமாப் என்ற ஊசி அதில் சோதிக்கப்பட்டது. எல்டிஎல் இறங்கவில்லை. ஆனாலும் நடுத்தர அளவு ஊசி போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்தாலே பலன் உண்டு என்று அப்போதுதான் உறுதியானது. விலையும் தொற்று ஆபத்தும் இருந்ததால் அந்த ஊசி இதய மருந்தாகக் கடைக்கு வரவில்லை.

சரி, இப்போது செடிகளுக்கு வரலாம்.

தட்டில் ஜெயிப்பது, வயிற்றில் தோற்பது

செடியால் ஓட முடியாது. பூச்சி கடித்தாலும் பூஞ்சை பிடித்தாலும் வெயில் கொளுத்தினாலும் நின்ற இடத்தில் நின்றுதான் சமாளிக்க வேண்டும். அதற்காக ஆயிரக்கணக்கில் வேதிப்பொருள்களைச் செய்து வைத்திருக்கிறது. மஞ்சளின் குர்குமின், வெங்காயத்தின் குவெர்செட்டின், நாவல்பழத்துக்கும் கறுப்புக் கவுனிக்கும் நிறம் தரும் ஆந்தோசயனின், தேயிலையின் கேட்டசின் எல்லாம் அப்படிப் பிறந்தவை. நம் ரத்தக்குழாயை மனதில் வைத்துச் செடி எதையும் செய்யவில்லை. இது அடிக்கடி மறந்துபோகிற விஷயம்.

இவற்றை ஆன்டிஆக்சிடன்ட் என்று அழைத்து, முரட்டு மூலக்கூறுகளை நேரடியாகப் பிடித்து அடக்குகின்றன என்று சொல்வது வழக்கம். எனக்கு அந்த விளக்கத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. ரத்தத்தில் போய்ச் சேரும் அளவு அந்த வேலைக்குப் போதாது. இன்னொரு விளக்கம் பொருத்தமாகப் படுகிறது. முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு வகைகளை நறுக்கும்போதோ அரைக்கும்போதோ காரமாக ஒன்று மூக்கில் ஏறுகிறதே, அந்த மாதிரிப் பொருள்கள் செல்லை லேசாகச் சீண்டுகின்றன. சீண்டல் பட்டதும் என்ஆர்எஃப்2 என்ற புரதம் விழித்துக்கொண்டு, செல்லின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைத் தயார்ப்படுத்துகிறது. வேலியோரம் சலசலப்புக் கேட்டு ஊரே விழித்துக்கொள்வதைப்போல. அதாவது செடி வந்து நமக்காகச் சண்டை போடுவதில்லை. நம் ஆட்களைத் தட்டி எழுப்புகிறது.

ஆய்வகத்தில் இதையெல்லாம் அழகாகக் காட்டலாம். ஒரு கண்ணாடித் தட்டில் எண்டோதீலியச் செல்களை வளர்த்து, சர்க்கரையை ஏற்றி, மணி அடிக்கவிட்டு, மேலே குர்குமினை ஊற்றினால் மணி நின்றுவிடும். பசை மூலக்கூறுகள் குறையும். இப்படி எத்தனையோ கட்டுரைகள் வந்திருக்கின்றன. பெரியம்மாவுக்கு வந்த செய்தியின் உண்மையான பாதி இதுதான்.

பொய்யான பாதி தட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிறது. தட்டில் குர்குமினை நேரடியாகச் செல்லின் தலையில் ஊற்றுகிறோம். வாயில் போட்டால் அது தண்ணீரில் கரையாது, குடல் அதை லேசில் உள்ளே விடாது. விட்ட கொஞ்சத்தையும் குடல் சுவரும் கல்லீரலும் உருமாற்றி வெளியே தள்ளிவிடும். கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் மிஞ்சும் குர்குமின், தட்டில் ஊற்றிய அளவில் நூறில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் தேறாது. போதாக்குறைக்கு, குர்குமின் பல பரிசோதனை முறைகளையே குழப்பிப் பொய்யான வெற்றியைக் காட்டக்கூடிய மூலக்கூறு என்று 2017-இல் அமெரிக்க வேதியியலாளர்கள் விரிவாக எழுதினார்கள்.

மிளகு இங்கேதான் கதைக்குள் வருகிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைபரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் குர்குமின் 2,000 சதவீதம் கூடியது. வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றுகிற எண் இதுதான். சதவீதத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. மிளகு இல்லாமல் ரத்தத்தில் இருந்தது அளக்கவே முடியாத அளவு அல்லது மிகமிகக் கொஞ்சம். கால் பைசாவை இருபது மடங்கு ஆக்கினாலும் அஞ்சு பைசாதான். அதோடு, பைபரின் குர்குமினை மட்டும் பார்த்து உள்ளே விடுவதில்லை. கல்லீரலின் வடிகட்டும் வேலையையே அது மந்தமாக்குகிறது. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் போன்ற மாத்திரைகளும் ரத்தத்தில் கூடிவிடும். ரசத்தில் போடும் மிளகால் இந்த வம்பு வராது. நான் சொல்வது காப்ஸ்யூலில் அடைத்த பைபரினை.

மனிதர்களிடம் நல்ல முடிவே வரவில்லையா என்றால், வந்திருக்கிறது. தாய்லாந்தில் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 240 பேரில் பாதிப் பேருக்கு ஒன்பது மாதம் குர்குமின் மாத்திரையும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்களில் 16.4 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. குர்குமின் சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. 2012-இல் வெளியானது. ஒருவருக்குக்கூட வரவில்லை என்கிற அளவுக்கு அழகான முடிவைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். ஒரே இடத்தில் நடந்த ஆய்வும்கூட. அதை விடுங்கள், அவர்கள் கொடுத்த அளவைப் பாருங்கள். நாளுக்கு 1,500 மில்லிகிராம். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். அப்படியானால் அந்த அளவுக்கு ஒரு ஆள் ஒரு நாளைக்கு 50 கிராம் மஞ்சள்தூள் சாப்பிட வேண்டும். குழம்பிலும் பொரியலிலும் ஒரு ஆளுக்கு அரை ஸ்பூன் போனாலே அதிகம். அதில் கிடைப்பது 45 மில்லிகிராம் அளவுதான்.

அதற்காக மாத்திரையாக வாங்கிவிடலாம் என்று நினைத்தால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. மஞ்சள் மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி அமெரிக்காவில் 2022-இல் ஓர் அறிக்கை வந்தது. அவர்கள் சாப்பிட்டவற்றில் சிலவற்றில் பைபரினும் கலந்திருந்தது. மறுபடி அதே மிளகு.

வேலியோரத்துச் செங்காந்தள்

ரத்தக்குழாய் அழற்சியைத் தணித்து, மாரடைப்பையும் குறைத்ததாகப் பெரிய ஆய்வுகளில் காட்டிய ஒரு செடிப்பொருள் உண்மையிலேயே இருக்கிறது. அது அஞ்சறைப்பெட்டியில் இல்லை. சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன செங்காந்தளில் இருக்கிறது.

தமிழ்நாட்டின் மாநில மலர் அது. ஈழத்தில் கார்த்திகைப்பூ. ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கம் போனால் கண்வலிக்கிழங்கு என்பார்கள். காலையில் பூ விரிந்த நேரத்தில் தோட்டத்தில் இறங்கிக் கையாலேயே மகரந்தம் தொட்டு வைத்து, விதையை எடுத்து ஏற்றுமதிக்கு விற்பார்கள். விதையை வாங்குகிறவர்களுக்கு வேண்டியது அதிலுள்ள கோல்சிசின். கவுட் என்ற மூட்டுவலிக்குக் காலங்காலமாகப் பயன்படும் மருந்து. வெள்ளை அணு நகர்வதற்கும் அழற்சிக் கருவிகளைக் கோத்து எடுப்பதற்கும் உள்ளே ஒரு சாரம் கட்ட வேண்டும், கொத்தனார் கட்டும் சாரம் மாதிரி. கோல்சிசின் அந்தச் சாரத்தைக் கட்டவிடாது.

மாரடைப்பு வந்து ஒரு மாதத்துக்குள் இருந்த 4,745 பேரிடம் சோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு அரை மில்லிகிராம் கோல்சிசின் இதய நிகழ்வுகளை 23 சதவீதம் குறைத்தது. அதில் சர்க்கரை நோயாளிகள் மட்டும் 959 பேர், அவர்களிடம் பலன் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. அடுத்த வருடம், நாள்பட்ட இதய நோயுள்ள 5,522 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் 31 சதவீதம் குறைந்தது. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை இதய நோய்க்கும் அனுமதித்தது. எல்லாம் ஏறுமுகமாகவே போகவில்லை. 2024-இல் வெளியான, 7,000 பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. சண்டை இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையை நான் இழுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செங்காந்தள் கிழங்கு கொடிய விஷம். அதைத் தின்று செத்தவர்களைப் பற்றிக் கேள்விப்படாத கிராமம் நம் பக்கம் குறைவு. அதே பொருள் அரை மில்லிகிராம் மாத்திரையாகி, ஆயிரக்கணக்கானவர்களிடம் எடைபோட்டுப் பார்க்கப்பட்ட பிறகு மருந்தாகிறது. அப்போதும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து, சில ஆன்டிபயாடிக்குகளோடு சேர்த்தால் இன்னும் ஆபத்து. சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேருக்குச் சிறுநீரகம் முழுசாக இருக்கிறது? இதை மருத்துவர் எழுதித் தராமல் யாரும் கையால் தொடக்கூடாது. கிழங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையின் கதையும் இதே வழிதான். ஐரோப்பாவில் கலேகா என்ற ஒரு செடி உண்டு. அதன் பொருள் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் விஷத்தன்மை இருந்தது. வேதியியலாளர்கள் அதன் உறவுக்கார மூலக்கூறுகளில் தேடினார்கள். 1922-இல் டப்ளினில் மெட்ஃபார்மின் செய்யப்பட்டது. 1957-இல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். ஆப்பிள் மரப்பட்டையில் 1835-இல் கிடைத்த ஃப்ளோரிசினிலிருந்து வந்தவைதான் இன்று டாபாகிளிஃப்ளோசின் மாதிரியான மாத்திரைகள். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றி, இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கும் வகை. பெரியம்மாவின் மாத்திரை டப்பாவில் இரண்டும் இருக்கின்றன. ஆகவே அவர் பல வருடமாகச் செடி வைத்தியம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவருக்குத் தெரியாமல்.

அடுப்படியில் மிஞ்சுவது

அப்படியானால் சாப்பாட்டில் இருக்கும் செடிப்பொருள்களால் பலனே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாம் தேடுகிற இடத்தில் இல்லை.

வெந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1980-களிலும் 90-களிலும் அதை விரிவாக ஆராய்ந்தது. சர்க்கரையும் கொழுப்பும் இறங்கத்தான் செய்தன. அதன் பெரும்பங்கு வேலை அந்த வழவழப்பு நாருடையது. சோற்றிலிருந்து சர்க்கரை குடலை விட்டு ரத்தத்துக்குள் பாயும் வேகத்தை நார் தடுக்கிறது. ரத்தத்துக்குள் போகவே தேவையில்லை, குடலிலேயே வேலை முடிந்தது. பாய்ச்சல் குறைந்தால் உள்விரிப்பின் மேல் விழும் அடி குறைகிறது. இலங்கையில் கொத்தல ஹிம்புட்டு என்று வழங்கும் பொன்கொரண்டியும் இந்த ரகம். அந்த மரத்தில் குடைந்த குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிப்பார்கள். அதிலுள்ள சலசினால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியைத் தடுக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997-இல் கண்டார்கள். ரத்தத்துக்குள் நுழைய முடியாத குர்குமினைவிட, நுழையவே தேவையில்லாத இவை எவ்வளவோ தேவலை.

இன்னொன்று, ஒரு பொருளாகப் பார்க்காமல் தட்டை முழுசாகப் பார்ப்பது. ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேர் சர்க்கரை நோயாளிகள். காய், பழம், பருப்பு, மீன் நிறைந்த அந்த ஊர்ச் சாப்பாட்டோடு ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ தாராளமாகச் சேர்த்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத வகை நிகழ்வுகள் சுமார் 30 சதவீதம் குறைவு. இதில் எந்த மூலக்கூறு ஜெயித்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நமக்கு ஆலிவ் வேண்டாம். மதியம் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் அவரைக்காய்ப் பொரியலும் கீரைக் கூட்டும் வந்தால் போதும். சாயங்காலம் பிஸ்கெட்டுக்குப் பதில் சுண்டலோ ஒரு பிடி நிலக்கடலையோ. கேழ்வரகின் தோலில் நல்ல பொருள்கள் இருப்பது உண்மை. அதை நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை சரசரவென்று ஏறும், அதுவும் உண்மை. களியோ அடையோ பரவாயில்லை, காயோடு சேர்த்து, அளவாக.

பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. தினமும் பட்டைத் தண்ணீர் குடிக்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பிரியாணிக்குப் போடும் தடிமனான பட்டை பெரும்பாலும் கேசியா என்ற வேறு மரம். அதில் கூமரின் அதிகம், தினசரி பழக்கமாகக் குடித்தால் கல்லீரலுக்கு ஆகாது. மெல்லிய சுருளாக வரும் இலங்கைப் பட்டையில் அது மிகக் குறைவு.

பாகற்காய்க்கு வருகிறேன், ஏனென்றால் பெரியம்மா எங்களைப் பயமுறுத்தியது அதை வைத்துத்தான். கிளிமெபிரைட் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாற்றைக் குடித்துவிட்டு, காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறார். பத்து மணிக்குக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி உட்கார்ந்துவிட்டார். லோ சுகர். பக்கத்து வீட்டுப் பெண் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் தப்பித்தார். சாறு எவ்வளவு இறக்கியது, சாப்பிடாமல் இருந்தது எவ்வளவு இறக்கியது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. பாகற்காயைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2012-இல் செய்த மதிப்பீடு, அது சர்க்கரையைக் குறைக்கிறது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. ஆனால் சர்க்கரையை இறக்கும் மாத்திரையோடு வெறும் வயிறு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரமே தேவையில்லை. கஷாயமோ சாறோ சூரணமோ, குடிப்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். திட்டுவாரே என்று மறைப்பதில்தான் வினை.

இதையெல்லாம் போனில் அரைமணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தக் கண்வலிக்கிழங்குப் பூ நம்ம பழைய வீட்டு வேலியில கிடந்துச்சேப்பா, தாத்தா தொடவிடமாட்டார்" என்றார். தாத்தா சொன்னதுதான் சரி என்றேன்.

"அப்ப மஞ்சளை என்னதான் பண்றது?"

"குழம்புல போடுங்க பெரியம்மா."

"அதைத்தான் அம்பது வருஷமா போட்டுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லி, போனை வைத்துவிட்டார்.